வெண்மை பூத்த ஈயக்குண்டு: திருகோணமலையில் எயார் பிஸ்டல் பயிற்சி நிகழ்வு ஆய்வு ஒன்று

பதிவைப் பற்றி

ஒரு பெண் சுடுநர், அவருடைய பயிற்றுநர், ஒரு பலகை அலுமாரி, அதற்குள் இருந்த ஈயக்குண்டுப் பேணிகள். இந்தப் பதிவு இவற்றைப் பற்றியதுதான். சம்பந்தப்பட்ட இருவரும் எழுதச் சம்மதித்தார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். அந்தப் பயிற்சிக்கூடத்தில் நான் உபகரணங்களைப் பார்த்துக்கொள்பவன். சோதனைகள் நடந்தபோது கூடவே இருந்தேன்.

ஈரத்தில் குண்டு கெட்டு, காரணம் தெரியாமல் சுடுநரின் புள்ளி இறங்குவதுதான் பிரச்சினை. கரையோரத்தில் பயிற்சி நடத்தும் மற்றவர்களுக்கும் அது வரலாம். வந்தால் எந்த இடத்தில் தேடத் தொடங்குவது, எந்த இடத்தில் தேடுவதை நிறுத்துவது என்பதற்கு இது உதவட்டும்.

பின்னணி

அந்தச் சுடுநருக்கு இருபது வயது இன்னும் ஆகவில்லை. பாடசாலையில் எயார் ரைபிள் சுட்டவர், பிறகு 10 மீற்றர் எயார் பிஸ்டலுக்கு, அதாவது அழுத்தக் காற்றால் சுடும் கைத்துப்பாக்கிக்கு, வந்தார். ரைபிளிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த மாற்றம் சுலபமில்லை. ரைபிளுக்கு இரண்டு கை, தோள், தடித்த மேற்சட்டை என்று தாங்கல் பல உண்டு. பிஸ்டலுக்கு நீட்டிய ஒற்றைக் கை மட்டும்தான். போட்டியில் 60 சூடு, 75 நிமிடம், விசையை இழுக்க வேண்டிய பாரம் குறைந்தது 500 கிராம். இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர். குண்டின் ஓரம் அந்தக் கோட்டைத் தொட்டாலே பத்து என்பதால், 4.5 மில்லிமீற்றர் குண்டின் நடு இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீற்றருக்குள் விழ வேண்டும். அதற்கு வெளியே ஒவ்வொரு 8 மில்லிமீற்றருக்கும் ஒரு புள்ளி போகும். இந்த 8 என்ற எண் பின்னால் வரும் கணக்குக்கெல்லாம் தேவைப்படும்.

மாரிக்கு முன்னர் அவருடைய பயிற்சிச் சராசரி 600க்கு 545 அளவில் இருந்தது. மாகாண மட்டத்துக்கு அது நல்ல நிலை. ஏறியும் இறங்கியும் வந்தாலும் கொப்பியில் மெல்ல மேலே போய்க்கொண்டிருந்த கோடு அது.

குண்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாடுகளில் 25, 50 யார் தூரத்தில் பிஸ்டல் இலக்குச் சூடு பழகுகிறவர்கள் தங்கள் கைக்கு இதமான, உதைப்புக் குறைந்த ரவையைத் தாங்களே நிரப்பிக்கொள்வதுண்டு. .38 துவக்குக்கு 148 கிரெயின் எடையுள்ள தட்டைமுனைக் குண்டு அதில் பேர்போனது. கடதாசியில் வட்டமாக, ஓரம் கிழியாமல் துளை விழவேண்டும் என்பதற்காகவே அந்த முனை. எயார் பிஸ்டலில் வெடிமருந்தே இல்லாததால் நிரப்புகிற வேலை நமக்குக் கிடையாது. தட்டைமுனை மட்டும் இங்கேயும் அதே காரணத்துக்காக வந்திருக்கிறது. சுடுநரின் கையில் மிஞ்சுவது மூன்று விஷயங்கள்: எந்தக் குண்டைத் தெரிவது, எப்படி வைத்திருப்பது, சுடுமுன் எப்படிப் பார்ப்பது. பிஸ்டலுக்கு வழக்கமாக 0.45 கிராம் அளவுள்ள இலேசான குண்டையும், ரைபிளுக்கு 0.53 கிராம் அளவுள்ளதையும் எடுப்பார்கள். எங்கள் அலுமாரியில் இருந்தவை இலேசானவை.

அந்த அலுமாரிக்கும் ஒரு கதை உண்டு. 2022இல் டொலர் நெருக்கடி வந்தபோது இறக்குமதிப் பொருள் எதையும் நம்பியிருக்க முடியாத நிலை. கொழும்பில் குண்டு கிடைத்தால் கிடைத்த அன்றே வாங்கி அடுக்கிவிடுவது அந்தக் காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம். அப்படிச் சேர்ந்த பேணிகளுக்காக ஒட்டுப்பலகையில் ஒரு அலுமாரி செய்வித்து, வார்னிஷ் அடித்து, கடலைப் பார்த்த சுவரோரம் வைத்தார்கள். இடம் வசதியானதுதான். வாசலுக்குப் பக்கம், பூட்டும் உண்டு.

மாரிக்குப் பிறகு கண்டது

திருகோணமலையில் மழையின் பெரும் பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மாதங்களில் கூடத்துச் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும், கடதாசி இலக்கு நமுத்துப்போகும். அந்த மாரி முடிந்த கையோடு அவருடைய புள்ளி இறங்கத் தொடங்கியது. 540க்கு மேல் இருந்தவர் 530, பிறகு 523 என்று வந்து அங்கேயே நின்றார்.

இறங்கிய விதத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. துளைகள் இடம் வலமாக முன்பு போலவே பரவியிருந்தன. மேல் கீழாகத்தான் நீண்டிருந்தன. அதோடு, சுட்ட உடனே, துளையைப் பார்க்கும் முன்பு, “இது எங்கே போயிருக்கும்” என்று சொல்லும் பழக்கம் அவருக்கு இருந்தது. விசை விடும் கணத்தில் முன் குறி (குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் துண்டு) எங்கே நின்றது என்பதைக் கண் பிடித்து வைத்துச் சொல்வது அது. நல்ல பிஸ்டல் சுடுநருக்கு அதுதான் அத்திவாரம். முன்பெல்லாம் அவர் சொன்ன இடத்துக்கும் துளைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. இப்போது “நடுப்பத்து” என்று அவர் சொன்ன சூடு கீழே எட்டில் கிடந்தது.

பயிற்றுநர் சொன்னார்: “பிள்ளை, மணிக்கட்டு விழுது.” அவர் சொன்னார்: “இல்லை சேர், பத்து எண்டுதான் விட்டனான்.”

இந்தப் பேச்சு பல நாள் நடந்தது. அவர் சொன்னதை ஒரு சாட்சியமாக எழுதி வைத்திருந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கும் என்பது என் கருத்து.

முதல் முடிவு, அதன் காரணம்

பயிற்றுநர் தொழில்நுட்பத்தைத் திருத்த முடிவு செய்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஒற்றைக் கைப் பிடியில் குண்டு கீழே போனால் பத்தில் ஒன்பது தடவை காரணம் மணிக்கட்டு இளகுவது, அல்லது விசையை மெல்ல இழுக்காமல் வெடுக்கென்று இழுப்பது. அதனால் பிடியின் மரக்கட்டையில் மணிக்கட்டைத் தாங்கும் பக்கத்தில் கொஞ்சம் பூச்சு வைத்து உயர்த்தினார். உள்ளங்கைத் தட்டை இறுக்கினார். விசையின் இடத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளினார்.

புள்ளி ஏறவில்லை. அந்தப் பிள்ளையின் முகம்தான் மாறியது. சூட்டுக்குச் சூடு துளையைத் தொலைநோக்கியில் பார்க்கத் தொடங்கினார். பார்ப்பதும் பெருமூச்சு விடுவதும் மறுபடி கை நீட்டுவதுமாக நேரம் போனது. சொல்லிச் சுடுகிற பழக்கத்தை அவர் கைவிட்டதை நான் கவனித்தது இந்தக் கட்டத்தில்தான். தன் கண் சொல்வதை அவரே நம்பவில்லை.

அடுத்த சந்தேகம் காற்றின் மேல் விழுந்தது. பிஸ்டலின் உருளைக்கு 200 பார் அழுத்தக் காற்று வேண்டும். சுழியோடிகள் வரும் காலத்தில் உப்புவெளிப் பக்கம் ஒரு சுழியோடி நிலையத்தில் நிரப்பிக்கொள்வோம். மாரியில் கடல் கலங்கி அங்கே வேலை நின்றுவிடும், அப்போது கைப்பம்புதான். ஈரக் காற்றைப் பம்பினோமோ, உள்ளே வால்வு கெட்டதோ என்று பேச்சு வந்தது. அது நியாயமான சந்தேகம்தான். கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றும் ஆயிற்று. அனுப்பினால் ஒரு மாதம் பிஸ்டல் இல்லை.

பேணிக்குள் இருந்தது

அனுப்புவதற்கு முன் நடந்த ஒன்றுதான் வழக்கைத் திருப்பியது. இடைவேளையில் அவர் கச்சான் தின்றுகொண்டிருந்தார். கடதாசிச் சுருள் ஒரு கையில், பக்கத்தில் குண்டுத் தட்டு. அவருடைய பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கரிய ஈயக் கறைக்குப் பதிலாகச் சாம்பல் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. தேய்த்தால் மாவு போல உதிர்ந்தது.

பேணியைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தோம். மேலே இருந்தவை மங்கிய சாம்பல் நிறம். கீழே போகப் போக இடையிலும் பாவாடையிலும் வெண்மை பூத்திருந்தது. இடை என்பது குண்டின் ஒடுங்கிய நடுப்பகுதி. பாவாடை என்பது பின்னால் விரிந்த மெல்லிய விளிம்பு, காற்றழுத்தத்தில் குழலோடு ஒட்டி அடைப்பது அதுதான். சில குண்டுகளில் பாவாடை ஒரு பக்கம் நசுங்கியும் இருந்தது. பேணிக்குள் மேலே இருக்க வேண்டிய பஞ்சுத் தட்டை யாரோ எடுத்து எறிந்துவிட்டதால் பஸ்ஸில் வரும்போது குலுங்கி மோதியிருக்கிறது.

ஈயம் ஈரக் காற்றில் மங்கும், அது சாதாரணம். ஆனால் இப்படி மாவாகப் பூப்பதற்கு ஈரம் மட்டும் போதாது. ஒட்டுப்பலகையும் புது மரமும் மெல்ல மெல்ல அசற்றிக், போமிக் அமிலங்களின் ஆவியை விடும். அந்த ஆவியும் ஈரமும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் சேர்ந்தால் ஈயத்தின் மேல் ஈயக் காபனேற்று வளரும். அருங்காட்சியகங்களில் ஈயப் பொருட்களை மர அலுமாரியில் வைக்கப் பயப்படுவது இதனால்தான். அந்தக் காலத்தில் வெள்ளைச் சாயம் செய்த முறையே இதுதான்: ஈயச் சுருளை வினாகிரிப் பானைக்கு மேல் வைத்துச் சாணத்தின் சூட்டில் மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள், ஈயம் வெள்ளையாக மாறும். எங்கள் அலுமாரி, மாரி மழை, மூடி இறுகாத பேணி மூன்றும் சேர்ந்து சின்ன அளவில் அதையே செய்திருந்தன.

கைகழுவல்

அன்றைக்கே எடுத்த முடிவு புள்ளியைப் பற்றியதல்ல. ஈயத்தை வெறுமனே தொடுவதைவிட இந்த வெள்ளை மாவு ஆபத்தானது. அது விரலிலிருந்து வாய்க்கு எளிதாகப் போகிறது, உடலுக்குள் எளிதாகக் கரைகிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கேடு அதிகம். எங்களிடம் 13, 14 வயதுப் பிள்ளைகள் பழகுகிறார்கள். அவர்களும் அதே பேணிகளில் கை விட்டவர்கள்.

சுடும் இடத்தில் சாப்பாடு, தேநீர், கச்சான் எல்லாம் அன்றோடு நிறுத்தப்பட்டன. சோப்பும் தண்ணீரும் வாசலிலேயே வைக்கப்பட்டன. குண்டை உதட்டில் கவ்விக்கொண்டு அடுத்த சூட்டுக்கு ஆயத்தமாகும் பழக்கம் ஒரு பையனிடம் இருந்தது. அவனுடைய தாயாரை அழைத்துப் பேசினோம், வைத்தியரிடம் காட்டச் சொன்னோம். தரையை விளக்குமாறால் கூட்டுவதை விட்டு ஈரத் துணியால் துடைக்கத் தொடங்கினோம். கூட்டினால் தூசி எழும்பி மூச்சோடு போகும். இந்த நிகழ்விலிருந்து ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஒருவர் எடுத்துக்கொள்ள முடியுமென்றால், இந்தப் பந்தியை எடுத்துக்கொள்ளட்டும்.

வைஸில் வைத்துச் சோதித்தது

குண்டு கெட்டிருக்கிறது என்று கண்டதும் எல்லாருக்கும் ஒரே நிம்மதி. “பாத்தியளே சேர், நான் சொன்னனான்” என்றார் அவர். பயிற்றுநரும் ஒப்புக்கொண்டார். ஆனால் கண்ணால் கண்டதும் காரணமும் ஒன்றாகிவிடாது. அளந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மனிதக் கையை இடையிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பிஸ்டலும் குண்டும்தான்.

கொங்கிரீட் மேசையில் தச்சு வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) ஒன்றைப் பூட்டி, ரப்பர் வைத்துப் பிஸ்டலை இறுக்கினோம். பழைய பேணிக் குண்டு ஐந்து, வேறொருவர் வீட்டில் இரும்புப் பெட்டியில் இருந்த முத்திரை உடையாத பேணிக் குண்டு ஐந்து என்று மாற்றி மாற்றிச் சுட்டோம். முதலில் ஒன்றை முழுதாகவும் பிறகு மற்றதை முழுதாகவும் சுட்டால், இடையில் உருளையின் அழுத்தம் இறங்குவதும் வெயில் ஏறுவதும் குண்டின் குற்றமாகத் தெரியும். குண்டு போடுபவர் ஒருவர், எந்த அட்டை எந்தக் குண்டு என்று தெரியாமல் வேணியர் அளவுகோலால் அளப்பவர் இன்னொருவர்.

முதல் சுற்றில் வித்தியாசம் எதிர்பார்த்த அளவு தெரியவில்லை. நல்ல குண்டும் சுமாராகத்தான் விழுந்தது. குழல் சுத்தமில்லை என்று யாரோ சொல்ல, சுத்தம் செய்வதற்கென்றே வரும் கம்பளித் துணுக்குகளைக் குழலுக்குள் இழுத்தோம். முதலில் வந்தவை கரியும் வெள்ளையும் கலந்து வந்தன. வெள்ளை நின்ற பிறகு மறுபடி சுட்டோம். இப்போது தெளிவாகத் தெரிந்தது. நல்ல குண்டு துளை நடுவுக்கு நடு 3 மில்லிமீற்றருக்குள், மேல் கீழாகவும் இடம் வலமாகவும் ஒரே மாதிரி. பழைய குண்டு இடம் வலமாக 3, மேல் கீழாக 6. பாவாடை நசுங்கிய குண்டு வந்தபோது இன்னும் விலகியது.

மேல் கீழாக மட்டும் நீண்டதற்குக் காரணம் வேகம். நொடிக்கு 150 மீற்றர் வேகத்தில் போகும் குண்டு 10 மீற்றரைக் கடக்கும் நேரத்தில் ஏறக்குறைய 22 மில்லிமீற்றர் கீழிறங்கும். 140 ஆனால் 25 இறங்கும். ஒவ்வொரு 10 மீற்றர் வேகத்துக்கும் 3 மில்லிமீற்றர். மாவு பூத்த குண்டு குழலுக்குள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவில் உரசினால் வேகம் அப்படித்தான் ஆடும், துளை மேலும் கீழும் போகும்.

அதே காற்று, அதே உருளை, நல்ல குண்டு ஒழுங்காக விழுந்ததால் கைப்பம்பும் வால்வும் குற்றமற்றவை என்றும் ஆயிற்று. கொழும்புப் பயணம் தவிர்ந்தது.

தராசையும் கொண்டுவந்து குண்டுகளை எடை போட்டுப் பிரிக்கலாம் என்று ஒருவர் ஆர்வமாகச் சொன்னார். அதைச் செய்யவில்லை. 0.45 கிராம் குண்டில் 10 மில்லிகிராம் வித்தியாசம் வந்தாலும் இலக்கில் அரை மில்லிமீற்றர்தான் மாறும். ஒரு மாலைப் பொழுதை அதில் போடுவதைவிடக் குண்டுகளைச் சாய்ந்த கண்ணாடித் தட்டில் உருட்டிப் பார்ப்பது மேல். பாவாடை நசுங்கியது கோணலாக வளைந்து போகும், கண்ணுக்கே தெரியும்.

கணக்கு ஒத்துவரவில்லை

இங்கேதான் பலர் நிறுத்துவார்கள். குண்டு கெட்டது, புது குண்டு வாங்கு, கதை முடிந்தது. நாங்களும் நிறுத்தப் பார்த்தோம். ஆனால் பயிற்றுநர் கணிதம் படிப்பித்தவர், அவருக்கு எண்கள் உறுத்தின.

545 எடுக்கும் ஒருவரின் சூடுகள் ஒவ்வொரு திசையிலும் ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் நியம விலகலோடு (நடுவிலிருந்து எவ்வளவு சிதறுகிறது என்பதைச் சொல்லும் அளவு) பரவுகின்றன. பழைய குண்டு கூட்டிய ஆட்டம், ஆறு மில்லிமீற்றர் பரவலை நியம விலகலாக மாற்றினால், இரண்டரைதான். இரண்டும் நேராகக் கூடாது, வர்க்கமாகத்தான் கூடும். 9 என்பது 9.3 ஆகும், அதுவும் மேல் கீழாக மட்டும். 60 சூட்டில் அதன் விலை இரண்டு புள்ளி. நசுங்கிய குண்டுகளையும் சேர்த்தால் மூன்று, மிஞ்சினால் நாலு. அவர் இழந்தது இருபதுக்கு மேல்.

மிச்சப் புள்ளி எங்கே போனது என்ற கேள்விக்கு விடை அவருடைய சூட்டுக் கொப்பியில் இருந்தது. அதை அதுவரை யாரும் பக்கம் பக்கமாகப் புரட்டவில்லை. ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் குறிப்புகள்: “மேல் 2”, அடுத்த வரியில் “கீழ் 3”, அதற்கடுத்து “மேல் 2”. குண்டு விழும் இடத்தை மேலே கீழே நகர்த்தும் பின் குறியின் திருகை எத்தனை கிளிக் திருப்பினார் என்ற கணக்கு அது. மாரிக்கு முன்னைய பக்கங்களில் அந்தக் குறிப்பே அபூர்வம். பிறகு வரவர நெருங்கி, ஒரு கட்டத்தில் சூட்டுக்குச் சூடு.

குண்டு கீழே போனது, மேலே திருப்பினார். அடுத்தது மேலே போனது, கீழே திருப்பினார். எட்வேர்ட்ஸ் டெமிங் என்ற புள்ளிவிவர அறிஞர் புனலையும் கோலியையும் வைத்து இதையே காட்டினார். புனலைக் குறிக்கு மேலே அசையாமல் பிடித்துக் கோலியை விட்டால் ஒரு பரவல் வரும். ஒவ்வொரு தடவையும் போன பிழைக்கு ஈடாகப் புனலை நகர்த்தினால் அந்தப் பரவலின் மாறற்றிறன் (நியம விலகலின் வர்க்கம்) இரு மடங்காகும், நியம விலகல் 1.4 மடங்காகும். அதை எங்கள் இலக்கில் மேல் கீழ்த் திசைக்கு மட்டும் பொருத்திப் பார்த்தால் 545 என்பது 527க்கு வந்து விழுகிறது. குண்டின் இரண்டு மூன்று புள்ளியையும் கழித்தால், கொப்பியில் இருந்த 523க்கு மிக அருகே.

பூத்த குண்டு நேரடியாகத் தின்றது கொஞ்சம்தான். அது அவருடைய கண்ணுக்கும் துளைக்கும் இடையிலிருந்த நம்பிக்கையை உடைத்தது. அந்த உடைவுதான் திருகைத் திருப்ப வைத்தது. அதே நாட்களில் பிடியையும் விசையையும் மாற்றியது, எது தன் பழைய கை என்பதே அவருக்குத் தெரியாமல் ஆக்கிவிட்டது.

இரண்டாம் முடிவும் தொடர்ந்ததும்

முதலில் குண்டை மட்டும் மாற்றினோம். வேறு எதையும் தொடவில்லை, ஏனென்றால் கணக்குச் சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. சராசரி 523இலிருந்து 526க்கு ஏறியது. அவருக்கு ஏமாற்றம். “குண்டு நல்லது எண்டால் ஏன் சேர் ஏறேல்லை?” என்று கேட்டார். பயிற்றுநர் கொப்பியை விரித்து வைத்து, கணக்கை முதலிலிருந்து போட்டுக் காட்டினார். அந்தப் பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பாதியிலேயே பென்சிலை வாங்கி மிச்சத்தைத் தானே போட்டார்.

அப்புறம் வைஸிலும் கையிலுமாகப் பின் குறியைச் சரிப்படுத்தி, திருகின் மேல் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டோம். கோடு உடைந்தால் யாரோ திருப்பியிருக்கிறார்கள் என்று தெரியும். பத்துச் சூட்டுக்குக் குறைவாகப் பார்த்து யாரும் குறியைத் தொடக்கூடாது. அந்தப் பத்துத் துளைகளின் நடு இலக்கின் நடுவிலிருந்து ஒரு வட்டம் அளவுக்கு விலகியிருந்தால் மட்டும் தொடலாம். தொலைநோக்கி பயிற்சியின் முதல் பாதியில் மூடியே இருக்கும். சுட்டதும் எங்கே போனது என்று அவர் சொல்வார், நான் எழுதுவேன், ஐந்து முடிந்த பிறகு துளையோடு ஒப்பிடுவோம்.

அதே நாளில் பிடியில் வைத்த பூச்சையும் சுரண்டி எடுத்தார்கள். போட்டி நெருங்கியதால் பயிற்றுநர் அப்படி முடிவெடுத்தார். அதனால் பிறகு வந்த ஏற்றத்தில் குறிக்கு எவ்வளவு, பிடிக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

ஏற்றம் வந்தது. இரண்டு வாரம் புள்ளியில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சொன்ன இடமும் துளையும் நெருங்கி வந்தன. அதை அவரே முதலில் கண்டுகொண்டார். அடுத்த மாதத்தில் சராசரி 540ஐத் தாண்டியது. போட்டியில் 543 சுட்டார். பழைய உச்சத்தை இன்னும் நிலையாகத் தொடவில்லை. கடைசிப் பத்துச் சூட்டில் கை தொலைநோக்கிப் பக்கம் போகிற பழக்கம் இன்னும் எட்டிப் பார்க்கிறது.

இனி வேறு விதமாகச் செய்வது

ஒட்டுப்பலகை அலுமாரியில் இப்போது கடதாசி இலக்குகள் இருக்கின்றன. குண்டுகள் இரும்பு அலுமாரிக்குப் போய்விட்டன. அதற்குள் இறுக மூடும் பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொதி. ஒரு நேரத்தில் ஒரு பேணிதான் திறந்திருக்கும். வாங்கிய மாதமும் திறந்த மாதமும் மூடியில் எழுதப்படும், பழையது முதலில் வெளியே வரும். பஞ்சுத் தட்டை யாரும் எறிவதில்லை. கொழும்பிலிருந்து பெட்டி வந்தால் பஸ்ஸின் பின் சீற்றில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வரச் சொல்கிறோம்.

ஒருவரின் புள்ளி இறங்கினால் அவருடைய பிடியைத் தொடுவதற்கு முன், அந்த வாரத்திலேயே, பிஸ்டல் வைஸுக்குப் போகும். அரை மணி நேர வேலை அது. வைஸில் சரியாக விழுந்தால்தான் கையைப் பற்றிப் பேச்சு. சுடுநர் “பத்து என்றுதான் விட்டேன்” என்று சொல்வதை மறுக்கும் முன் அதை எழுதி வைக்க வேண்டும் என்பதையும் பயிற்றுநர் விதியாக்கியிருக்கிறார். இதுதான் எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். இளைய பிள்ளைகள் பெரியவர் சொல்லை எதிர்த்துப் பேசத் தயங்குவார்கள். கொப்பியில் எழுதத் தயங்கமாட்டார்கள்.

பூத்த குண்டுகளைக் கழுவி எண்ணெய் தடவிப் பழகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்று முடிவாயிற்று. கழுவினாலும் மேற்பரப்பு குழிந்துதான் இருக்கும், கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது என்ற கேள்வியும் இருக்கிறது. பக்கத்து வாடியிலிருந்து ஒரு மீனவர் வலைக்கு ஈயக்குண்டு வார்க்கக் கேட்டார். சுட்டு நசுங்கிய ஈயத்தை முன்பு அவருக்குக் கொடுத்ததுண்டு. இந்த மாவோடு அடுப்பில் வைத்தால் தூசியும் புகையும் அவருடைய வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் போகும் என்று சொன்னோம், அவர் விளங்கிக்கொண்டார். வெள்ளைக் குண்டுகள் எல்லாம் மூடி இறுக்கிய ஒரு வாளிக்குள், மேலே “தொடவேண்டாம்” என்று எழுதிப் பூட்டிய அறையில் இருக்கின்றன. பற்றரி ஈயம் எடுக்கும் ஆட்கள் வழியாக முறையாக அகற்றுவதற்குப் பேசிக்கொண்டிருக்கிறோம்.